கலவையில் பீக் காணாமல் போனால் மருந்து பொருந்தவில்லை என்று எழுதிவிடலாமா?

எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. புதிய மருந்து ஒன்றுக்கு ப்ரீஃபார்முலேஷன் (மாத்திரையாக்கும் முன் மருந்தின் குணங்களைப் பார்க்கும் வேலை) செய்கிறார். மருந்தைத் தனியாக டிஎஸ்சியில் (சூடாக்கும்போது பொருள் இழுக்கும், விடும் வெப்பத்தை அளக்கும் கருவி) ஓட்டினால் 161 டிகிரியில் கூர்மையான பீக், அதாவது வரைபடத்தில் ஒரு முகடு, வருகிறது. பாலாக்ஸமர் 188 என்ற துணைப்பொருளுடன் (மருந்தோடு சேர்க்கும் மற்றப் பொருள், இது ஒரு பாலிமர்) சரிபாதியாகக் கலந்து ஓட்டினால் 53 டிகிரியில் பாலாக்ஸமரின் பீக் மட்டும் இருக்கிறது, மருந்தின் பீக் காணோம். "இதைப் பொருந்தாது என்று எழுதிவிட்டு அடுத்த துணைப்பொருளுக்குப் போகலாமா? இந்த ஆரம்பக் கட்டத்தில் டிஎஸ்சி, டிஜிஏ இரண்டையும் எப்படித்தான் பயன்படுத்த வேண்டும்?" என்கிறார். டிஜிஏ என்பது சூடாக்கும்போது எடை எப்படிக் குறைகிறது என்று பார்க்கும் கருவி.

எழுதாதீர்கள். அந்த ஒரு வரைபடம் உங்கள் மருந்து கெட்டுப்போனது என்று சொல்லவில்லை. பெரும்பாலும் நடந்திருக்கக்கூடியது இது: 53 டிகிரியில் பாலாக்ஸமர் உருகிக் குழம்பாகிவிட்டது. அதற்குப் பிறகு இன்னும் நூறு டிகிரிக்கு மேல் ஏறி 161-ஐத் தொடும் வரை உங்கள் மருந்து அந்தக் குழம்புக்குள்தான் கிடக்கிறது. நிமிடத்துக்கு 10 டிகிரி என்று ஓட்டியிருந்தால் பத்து நிமிடத்துக்கும் மேல். கொதிக்கும் பாகில் கற்கண்டைப் போட்டால் எப்படிக் கரையுமோ, அப்படிக் கரைந்துகொண்டே வருகிறது. 161 டிகிரி வரும்போது உருகுவதற்குப் படிகம் மிச்சமில்லை. படிகம் இல்லாவிட்டால் பீக்கும் இல்லை. ஒரு மூலக்கூறுகூடச் சிதையாமல் இது நடக்கும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாலியெத்திலீன் கிளைகால் 6000 உடன் கலந்த ஒரு மருந்தின் பீக் இதே மாதிரி மறைந்தது. அறிக்கையில் "பொருந்தாது" என்று எழுதினேன். தண்ணீரில் கரையவே கரையாத அந்த மருந்தைக் கரைய வைக்க எங்களிடம் இருந்த எளிய வழி அந்த ஒரு சொல்லால் அடைபட்டது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து வேறொருவர் அதே கலவையை 50 டிகிரி அடுப்பில் ஒரு மாதம் வைத்து எச்பிஎல்சியில் (கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) பார்த்தார். அசுத்தம் எதுவும் ஏறவில்லை. அந்த ஒரு வருடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

டிஎஸ்சி என்ன அளக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தத் தவறு வராது. பொருள் வைத்த கிண்ணம் ஒன்று, காலிக் கிண்ணம் ஒன்று. இரண்டையும் ஒரே வேகத்தில் சூடாக்குகிறோம். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க எவ்வளவு வெப்பம் கூடவோ குறையவோ தேவைப்படுகிறது என்பதுதான் வரைபடம். அவ்வளவே. உருகினாலும் வெப்பத்தை இழுக்கும், நீர் வெளியேறினாலும் இழுக்கும். படிகமானால் வெப்பத்தை விடும், சில சிதைவுகளிலும் விடும். வெப்பம் போனதா வந்ததா என்று கருவி சொல்லும். ஏன் என்று சொல்லாது. பெர்கின்-எல்மர் நிறுவனத்தில் வாட்சனும் ஓ'நீலும் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய நாளிலிருந்து இன்றுவரை அது அப்படித்தான். "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் வேறு கருவிகளிலிருந்து வர வேண்டும்.

அதனால் நான் எப்போதும் முதலில் ஓட்டுவது டிஜிஏ. அது வெறும் தராசு. சூடேற்றும் உலைக்குள் தொங்கும் தராசு. எடை குறைந்ததா, எந்த வெப்பநிலையில், எத்தனை சதவீதம் என்று மட்டும் சொல்லும். ஜப்பானில் கோதாரோ ஹோண்டா 1915-இலேயே இப்படி ஒரு தராசைச் செய்து பெயரும் வைத்துவிட்டார். முதலில் இதை ஓட்டுவதால் இரண்டு லாபம். மருந்து எந்த வெப்பநிலையில் சிதைய ஆரம்பிக்கிறது என்று தெரிந்துவிடும், டிஎஸ்சியை அதற்கு மேல் கொண்டுபோகாமல் நிறுத்தலாம். சிதைந்த புகை டிஎஸ்சி செல்லில் படிந்தால் அடுத்த பத்து பேருடைய வரைபடத்தின் அடிக்கோடும் கெடும். இரண்டாவது லாபம் பெரியது: டிஎஸ்சியில் வரும் ஒவ்வொரு பீக்குக்கும் நேரே டிஜிஏவில் எடை குறைந்ததா இல்லையா என்று வைத்துப் பார்க்கலாம். எடை குறையாமல் பீக் வந்தால் அது உருகுதலாகவோ வடிவ மாற்றமாகவோ இருக்கலாம். எடை குறைந்தால் ஏதோ வெளியே போகிறது.

லாக்டோஸ் மோனோஹைட்ரேட்டை (ஒரு லாக்டோஸுக்கு ஒரு நீர் சேர்ந்த படிகம்; நீர் சேர்ந்த படிகம் எதுவும் ஹைட்ரேட்) எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் அலமாரியில் நிச்சயம் இருக்கும். டிஎஸ்சியில் 145 டிகிரியை ஒட்டி ஒரு பெரிய பீக் வரும், 210 டிகிரிக்கு மேல் இன்னொன்று. முதல் பீக்கை உருகுநிலை என்று எழுதிய திட்ட அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். டிஜிஏவை அருகில் வைத்தால் அந்த இடத்தில் எடை 5 சதவீதம் குறையும். லாக்டோஸின் மூலக்கூறு எடை 342, ஒரு நீர் 18. 18-ஐ 360-ஆல் வகுத்தால் சரியாக 5 சதவீதம். அது படிகத்துக்குள் இருந்த நீர் போன பீக். தியோஃபிலின் மோனோஹைட்ரேட்டில் இதே கணக்கு 9.1 சதவீதம் வரும், கார்பமசெபின் டைஹைட்ரேட்டில் 13.2, அமாக்ஸிசிலின் ட்ரைஹைட்ரேட்டில் 12.9. கையில் கால்குலேட்டரோடு உட்காருங்கள். கணக்கோடு எடை இழப்பு பொருந்தினால் அது ஹைட்ரேட் என்று ஓரளவு நம்பலாம். 30 டிகிரியிலிருந்தே மெல்ல மெல்லச் சரிந்துகொண்டு வந்தால் பெரும்பாலும் மேலே ஒட்டிய ஈரம். வெளியேறுவது நீரா, படிகமாக்கும்போது சிக்கிய கரைப்பானா என்று டிஜிஏவுக்குத் தெரியாது. அதற்கு நீரை மட்டும் அளக்கும் கார்ல் ஃபிஷர் தரம்பார்த்தல் வேண்டும், அல்லது வெளியேறும் வாயுவை அது இன்னதென்று காட்டும் அகச்சிவப்பு (ஐஆர்) கருவிக்கோ மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கோ அனுப்ப வேண்டும்.

கார்பமசெபினைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் ஆரம்பக் கட்டத்தில் வெப்பப் பகுப்பாய்வு எதற்கு என்பதற்கு அதைவிட நல்ல பாடம் குறைவு. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் மருந்து. ரத்தத்தில் அளவு கொஞ்சம் குறைந்தாலும் நோயாளிக்கு வலிப்பு வரலாம். மாத்திரையில் இருப்பது நீரில்லாத மூன்றாம் வடிவம் (ஒரே மருந்தின் மூலக்கூறுகள் வேறு மாதிரி அடுக்கினால் அது வேறு படிக வடிவம்). ஈரத்தில் கிடந்தால் டைஹைட்ரேட்டாக மாறும். மாத்திரை இறுகும், கரைவது குறையும். ஈரமான இடத்தில் வைத்தால் வீரியம் மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது. குளியலறை அலமாரியில் மாத்திரை டப்பாவை வைக்காதீர்கள் என்று சொல்வதன் பின்னால் இருப்பது இந்த 13.2 சதவீதம்தான்.

அதே மூன்றாம் வடிவத்தை டிஎஸ்சியில் நிமிடத்துக்கு 10 டிகிரியில் ஓட்டிப் பாருங்கள். 175 டிகிரிப் பக்கம் உருகும். உடனே அந்தத் திரவத்திலிருந்து முதல் வடிவம் என்று பெயருள்ள வேறொரு வடிவம் படிகமாகி வெப்பம் வெளிவரும். அதனால் வரைபடம் எதிர்ப்பக்கம் திரும்பும். பிறகு 190 டிகிரிக்குச் சற்று மேலே அந்த முதல் வடிவம் உருகும். ஒரே மருந்துக்கு இரண்டு உருகும் பீக்குகள், நடுவில் ஒரு படிகமாதல். இப்போது வேகத்தைக் குறைத்து மிக மெதுவாக ஓட்டுங்கள். முதல் பீக் சிறுத்துவிடும், ஏனென்றால் உருகுவதற்கு முன்பே திண்ம நிலையிலேயே அது மாறிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. இதைத் தெரியாதவர் "இரண்டு அசுத்தங்கள்" என்று எழுதுவார். ஒரே வேகத்தில் ஒரே முறை ஓட்டிவிட்டு முடிவு கட்டக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். வேகத்தை மாற்றும்போது பீக் எப்படி நடந்துகொள்கிறது என்பதே ஒரு தகவல்.

இனி கிண்ணம். பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். என் அனுபவத்தில் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன. விரல்நகம் அளவுகூட இல்லாத அலுமினியக் கிண்ணம். அதில் 2 முதல் 5 மி.கி. தூள். அடிப்பரப்பு முழுவதும் மெல்லிய படலமாகப் பரவ வேண்டும், ஒரு மூலையில் குவியலாக இருக்கக் கூடாது. குவியலாக இருந்தால் அடியில் இருப்பது முதலில் உருகும், மேலே இருப்பது பிறகு உருகும், பீக் அகலமாகும், தோள் மாதிரி ஒன்று முளைக்கும். அந்தத் தோளுக்கு நீங்கள் ஒரு புதுப் படிக வடிவத்தைக் கற்பனை செய்துகொள்வீர்கள். மூடியை அழுத்தும்போது ஓரத்தில் தூள் சிக்கியிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். கிண்ணத்தின் அடி தட்டையாக இருக்கிறதா என்று கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் தூக்கிப் போடுங்கள். ஓட்டி முடித்த பிறகு கிண்ணத்தை மறுபடியும் எடை பாருங்கள். ஓட்டுவதற்கு முன் 3.12 மி.கி. இருந்தது பின்னர் 2.70 ஆகியிருந்தால் வரைபடத்தை நம்புவதற்கு முன் யோசிக்க வேண்டும். பிறகு மூடியைப் பெயர்த்து உள்ளே பாருங்கள். பழுப்பா, கருப்பா, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறதா, வெள்ளையாகவே இருக்கிறதா? இந்த நான்குக்கும் அர்த்தம் வேறு. எத்தனையோ நாள் விவாதித்த கேள்விக்கு அந்தக் கிண்ணத்தின் அடியில் பதில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மூடியும் முக்கியம். முழுக்க அடைத்த மூடியில் நீர் வெளியேற முடியாது, உள்ளே அழுத்தம் ஏறும், நீர் போகும் பீக் மேலே தள்ளிப் போகும். ஊசித்துளை போட்ட மூடியில் ஒரு மாதிரி, திறந்த கிண்ணத்தில் இன்னொரு மாதிரி. ஹைட்ரேட்டாக இருந்தால் மூன்றிலும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. எந்த மூடி என்று எழுதாத டிஎஸ்சி வரைபடத்தை யாரும் மறுபடி செய்து காட்ட முடியாது. அதோடு, வாரத்துக்கு ஒருமுறையாவது கருவியைச் சரிபார்க்கும் உலோகமான இண்டியம் ஓட்டுங்கள். 156.6 டிகிரியில் தொடங்க வேண்டும், கிராமுக்கு 28.5 ஜூல் வர வேண்டும். வரவில்லையென்றால் உங்கள் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கருவியைச் சரிசெய்ய வேண்டும்.

இப்போது காணாமல் போன பீக்குக்குத் திரும்புவோம். அது மறைய மூன்று பெரிய காரணங்கள் இருக்கின்றன. கரைந்தது ஒன்று, அதைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, யூடெக்டிக் உருவாவது. இரண்டு திண்மங்கள் கலந்து, தனித்தனியாக இருக்கும் உருகுநிலைகளைவிடக் கீழே சேர்ந்து உருகுவது. இதையும் பலர் "பொருந்தாமை" என்று எழுதுகிறார்கள். லிடோகெய்ன் 68 டிகிரியில் உருகும், ப்ரிலோகெய்ன் 38 டிகிரியில். இரண்டையும் சம அளவில் கலந்தால் 18 டிகிரியிலேயே எண்ணெய் மாதிரித் திரவமாகிவிடும். ஊசி போடும் முன் தோலை மரத்துப்போக வைக்க உலகம் முழுவதும் பூசும் எம்லா கிரீம் இந்த யூடெக்டிக்கின் மேல் நிற்கிறது. அந்தப் பெயரிலேயே யூடெக்டிக் என்ற சொல்லின் முதலெழுத்து இருக்கிறது. மாத்திரையில் யூடெக்டிக் வந்தால் அது தொல்லைதான், அழுத்தும்போது பஞ்ச் எனும் உலோகத் தண்டில் ஒட்டும், சேமிப்பில் ஈரமாகும். ஆனால் அது செயலாக்கச் சிக்கல், வேதிச் சிதைவு இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

மூன்றாவதுதான் உண்மையான வினை. இதற்கு அடையாளம் பொதுவாகப் பீக் மறைவது மட்டும் இல்லை. தனித்தனியாக ஓட்டியபோது இல்லாத புது வெப்பவெளியீடு, கலவையின் டிஜிஏவில் இரண்டுக்கும் கணக்குப் போட்டு எதிர்பார்த்ததைவிட முன்னதாக எடை குறைவது, கிண்ணத்தில் பழுப்பு நிறம். இவை சேர்ந்து வந்தால் கவலைப்பட வேண்டும்.

இந்த மூன்றையும் பிரிக்க மிக மலிவான, மிக நேர்மையான கருவி சூடேற்றும் மேடை வைத்த நுண்ணோக்கி. இன்ஸ்ப்ரூக்கில் லுட்விக் கோஃப்லரும் அடெல்ஹைட் கோஃப்லரும் வளர்த்த கலை இது. அவர்கள் வழியில் மரியா கூனர்ட்-பிராண்ட்ஸ்டெட்டர் நூற்றுக்கணக்கான மருந்துகளை இப்படி உருக்கிப் பார்த்துப் பதிவு செய்தார். நான்கு துகள் போதும். கண்ணாடித் தகட்டில் மருந்தையும் பாலாக்ஸமரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், குறுக்கு முனைவாக்கத்தில் (படிகம் மட்டும் மின்னும்படி ஒளியை வடிகட்டும் முறை) பாருங்கள். 53 டிகிரியில் பாலாக்ஸமர் இருட்டாகும், ஏனென்றால் திரவத்துக்கு ஒளிர்வு இல்லை. மருந்துப் படிகங்கள் நிறநிறமாக மின்னிக்கொண்டிருக்கும். 80, 90, 100 என்று ஏற ஏற அவற்றின் முனைகள் மழுங்கும், ஓரங்கள் உள்வாங்கும், ஒவ்வொன்றாக அணையும். கரைவது அப்படி இருக்கும். யூடெக்டிக் என்றால் இரண்டும் தொடும் எல்லையில் மட்டும் ஒரு கோடாக உருகுவதைக் காண்பீர்கள். வினை என்றால் குமிழி வரும், நிறம் மாறும். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு டிஎஸ்சி வரைபடம் உங்களுக்கு வேறு மாதிரித் தெரியும். கல்லூரியில் இந்த மேடை இல்லையென்றால் எண்ணெய்க் குளியலில் கண்ணாடிக் குழாயை வைத்துக் கைவிளக்கோடு பாருங்கள், பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பீக்கின் பரப்பளவையும் பயன்படுத்துங்கள். பலரும் வெப்பநிலையை மட்டும் எழுதிவிட்டு ஜூல் கணக்கை விட்டுவிடுகிறார்கள். மருந்து தனியாகக் கிராமுக்கு 110 ஜூல் என்றால், சரிபாதிக் கலவையில் 55 வர வேண்டும். 52 வந்தால் ஒன்றும் இல்லை, எடையில் வந்த பிழையாக இருக்கலாம். 20 வந்தால் கொஞ்சம் கரைந்தோ மாறியோ இருக்கிறது. உங்கள் கலவையை 1:1 மட்டுமில்லாமல் 9:1, 3:1 விகிதங்களிலும் ஓட்டுங்கள். மருந்து அதிகமாக இருக்கும்போது பீக் திரும்பி வந்தால், அதுவும் 161 டிகிரிக்குக் கீழே தள்ளி அகலமாக வந்தால், கரைதல் என்ற பக்கம் தராசு சாய்கிறது.

ஆனால் எதிர்ப்பக்கத் தவறு இதைவிட ஆபத்தானது: பீக் பத்திரமாக இருக்கிறது, அதனால் பொருந்துகிறது என்று எழுதுவது. டிஎஸ்சி ஓட்டம் இருபது நிமிடம். மாத்திரை அலமாரியில் இருப்பது இரண்டு மூன்று வருடம். உலர்ந்த நைட்ரஜனில் ஓடும் அந்த இருபது நிமிடத்தில் ஈரத்தால் நடக்கும் மெதுவான வினைகள் தலைகாட்டாமலே போகலாம். லாக்டோஸுக்கும் அமைன் (நைட்ரஜன் உள்ள ஒரு வேதித் தொகுதி) மருந்துகளுக்கும் நடக்கும் மெய்லார்ட் வினை இப்படிப்பட்டது. பாலையும் சர்க்கரையையும் கிண்டக் கிண்டத் திரட்டுப்பால் பழுப்பாவதில் நடப்பது இந்தக் குடும்பத்து வினைதான். லாக்டோஸ் சேர்த்த ஃப்ளுவாக்ஸெட்டினில் இது நடப்பது 1998-இல் விரிவாகக் காட்டப்பட்டது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபினும் அமைன். அதன் முதல் பிராண்டான நார்வாஸ்க் மாத்திரையில் நிரப்பியாக இருப்பது மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸும் டைபேசிக் கால்சியம் பாஸ்பேட்டும். உங்கள் மருந்தின் அமைப்பில் அமைன் தொகுதி இருந்தால், டிஎஸ்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் லாக்டோஸுக்குத் தனிச் சோதனை வையுங்கள்.

அந்தத் தனிச் சோதனை எப்படி என்றால், செராஜுதீனும் அவருடைய சகாக்களும் 1999-இல் வெளியிட்ட முறையை நான் இன்றும் பின்பற்றுகிறேன். மருந்தும் துணைப்பொருளும் உண்மையான மாத்திரையில் இருக்கும் விகிதத்தை ஒட்டிக் கலந்து, 20 சதவீதம் நீர் சேர்த்து, குப்பியை இறுக மூடி, 50 டிகிரியில் ஒன்று முதல் மூன்று வாரம் வைக்க வேண்டும். பிறகு எச்பிஎல்சி. நீர் சேர்ப்பது செயற்கை என்று தோன்றலாம். துணைப்பொருள் உருவாக்கும் அமில, கார நிலை மருந்தைத் தொட வேண்டுமென்றால் நடுவே ஈரம் வேண்டும், அதற்காகத்தான். ஆஸ்பிரினும் மெக்னீசியம் ஸ்டியரேட்டும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது இந்தக் குப்பியில்தான் தெளிவாகத் தெரியும். எந்தக் குப்பிகளை வைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க டிஎஸ்சி உதவும். தீர்ப்பை எச்பிஎல்சி சொல்லட்டும்.

படிக வடிவங்களைப் பற்றிப் பேசும்போது ரிட்டோனாவிரைச் சொல்லாமல் விட முடியாது. அபாட் நிறுவனத்தின் எய்ட்ஸ் மருந்து, 1996-இல் நார்விர் என்ற பெயரில் வந்தது. வாய்வழிக் கரைசலாகவும், கரைசலை அடைத்த கேப்ஸ்யூலாகவும். மருந்து கரைந்த நிலையில்தானே இருக்கிறது, படிக வடிவம் எதற்கு என்று நினைத்தார்கள். சுமார் 240 உற்பத்தித் தொகுதிகள் சிக்கலில்லாமல் போயின. 1998-இல் திடீரென்று கேப்ஸ்யூல்கள் டிசொல்யூஷன் (எவ்வளவு கரைகிறது என்று பார்க்கும்) சோதனையில் தோற்றன. உள்ளே இதுவரை யாரும் பார்க்காத இரண்டாம் வடிவம் படிந்திருந்தது; முதல் வடிவத்தைவிட நிலையானது, கரைதிறன் மிகக் குறைவு. அது ஒருமுறை ஆலைக்குள் வந்ததும் பழைய வடிவத்தைச் செய்வதே கடினமாகிவிட்டது. கேப்ஸ்யூலைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. நோயாளிகள் கசப்பான திரவத்துக்கு மாறினார்கள். குளிர்பதனத்தில் வைக்கும் மென்கேப்ஸ்யூல் 1999-இல்தான் வந்தது.

இதில் வெப்பப் பகுப்பாய்வு செய்பவருக்கு ஒரு கசப்பான பாடம் உண்டு. இரண்டு வடிவங்களின் உருகுநிலையும் 120-களில், சில டிகிரிக்குள் அடங்குகிறது. உருகுநிலையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் படாமலே போகலாம். எக்ஸ் கதிர் தூள் வரைபடத்தில் அப்பட்டமாகத் தெரியும். எனவே டிஎஸ்சியையும் இந்த எக்ஸ் கதிர் முறையையும் (எக்ஸ்ஆர்டி) பிரிக்காதீர்கள். பர்கரும் ராம்பெர்கரும் 1979-இல் தந்த விதிகளும் இங்கே உதவும். உருகுநிலை அதிகமான வடிவத்துக்கே உருகும் வெப்பமும் அதிகம் என்றால், எல்லா வெப்பநிலையிலும் அதுதான் நிலையானது. அதிக உருகுநிலை வடிவத்துக்கு உருகும் வெப்பம் குறைவாக இருந்தால், இடையில் எங்கோ நிலைத்தன்மை கை மாறுகிறது. அறை வெப்பநிலையில் எது நிலையானது என்று கரைதிறனை அளந்து பார்க்க வேண்டும். நான் ஜூல் கணக்கை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

ரிட்டோனாவிரின் கதை பிறகு நல்ல திருப்பம் எடுத்தது. படிகத்தோடு போராடுவதற்குப் பதில் படிகமே இல்லாமல் செய்தார்கள். கோபோவிடோன் என்ற பாலிமரோடு சேர்த்து உருக்கிப் பிழிந்து, மருந்து பாலிமருக்குள் கண்ணாடி மாதிரி உறைந்த மாத்திரை. லோபினாவிரும் ரிட்டோனாவிரும் சேர்ந்த காலெட்ரா மாத்திரை 2005-இல் இப்படித்தான் வந்தது, அதற்குக் குளிர்பதனம் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத நாடுகளில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். கோவிட் காலத்தில் பாக்ஸ்லோவிடுக்குள் போனதும் இதே ரிட்டோனாவிர். 2022-இல் அதன் உருகிய நிலையிலிருந்து மூன்றாம் வடிவம் ஒன்றையும் கண்டுபிடித்தார்கள், மருந்து வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு.

அந்தக் கண்ணாடி நிலையை அளக்க டிஎஸ்சியை மிஞ்ச ஆள் குறைவு. படிகமற்ற பொருளுக்கு உருகும் பீக் கிடையாது. அடிக்கோட்டில் ஒரு சிறு படி மட்டும் இறங்கும். அதுதான் கண்ணாடி மாற்ற வெப்பநிலை, ஆய்வகத்தில் டீஜி என்போம். அதற்குக் கீழே மூலக்கூறுகள் ஏறக்குறைய உறைந்திருக்கும், மேலே நகர ஆரம்பிக்கும், நகர்ந்தால் படிகமாகும். சர்க்கரைப் பாகைக் காய்ச்சிச் செய்யும் கெட்டி ஆரஞ்சு மிட்டாய் இந்த மாதிரிக் கண்ணாடிதான். வெயில் காலத்தில் கறகறவென்று இருப்பது மழைக்காலத்தில் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், சில நாளில் மேலே வெள்ளையாகப் பூக்கும். ஈரம் புகுந்து டீஜியைக் கீழே இழுத்தது, அதனால் நகர ஆரம்பித்த சர்க்கரை படிகமானது. உங்கள் படிகமற்ற மருந்துக்கு நடப்பதும் இதுவே.

இண்டோமெதாசினின் டீஜி 42 டிகிரியை ஒட்டி இருக்கிறது. சித்திரை வெயிலில் நிற்கும் லாரிக்குள் அந்த வெப்பம் சர்வசாதாரணம். சேமிக்கும் வெப்பநிலையைவிட டீஜி 50 டிகிரி அதிகமாக இருந்தால் நிம்மதி என்பது தொழிலில் பழகிப்போன அளவுகோல். இண்டோமெதாசின் தனியாக அந்த வரம்புக்குப் பக்கத்திலேயே வராது. டீஜி அதிகமான பாலிமரோடு கலந்து மேலே தூக்குவது இதற்காகத்தான். கலவையில் ஒரே ஒரு டீஜி வந்தால் இரண்டும் நன்றாகக் கலந்திருக்கிறது, இரண்டு டீஜி வந்தால் பிரிந்து நிற்கிறது. ஈரம் இருக்கும்போது நீர் வெளியேறும் அகலப் பீக் அந்தச் சிறு படியை மூடிவிடும். 1990-களில் மைக் ரீடிங் கொண்டுவந்த மாடுலேட்டட் டிஎஸ்சி (வெப்பநிலையைச் சிறு அலைகளாக ஏற்றும் வகை) இரண்டையும் பிரித்துக் காட்டும். அது இல்லாவிட்டால் ஊசித்துளை மூடியில் ஒருமுறை சூடாக்கி நீரைப் போக்கி, குளிரவைத்து, மறுபடி ஓட்டுங்கள். ஆனால் அப்போது கிடைப்பது உலர்ந்த டீஜி. உங்கள் மாத்திரைக்குள் இருக்கும் டீஜி அதைவிடக் கீழே என்பதை எழுத மறக்காதீர்கள்.

ஊசி மருந்துக்கு உறைய வைத்து உலர்த்தப் போகிறவர்களுக்கு ஒரு வரி: பூஜ்யத்துக்குக் கீழேயும் இதே கணக்குதான். சுக்ரோஸ் கரைசல் உறைந்தபின் அதன் கண்ணாடி மாற்றம் கழித்தல் 32 டிகிரியை ஒட்டி வரும். முதல்கட்ட உலர்த்தலில் பொருளின் வெப்பநிலை அதற்கு மேல் கணிசமாக ஏறினால் கேக் (குப்பிக்குள் உலர்ந்து நிற்கும் கட்டி) சரிந்துவிடும்.

உங்கள் வேலைக்கு வருகிறேன். பாலாக்ஸமர் கலவையைத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் மருந்தையும் கலவையையும் டிஜிஏவில் ஓட்டி 200 டிகிரிக்குள் எடை இழப்பை ஒப்பிடுங்கள். அடுத்து 9:1, 3:1 விகிதங்களை 3 மி.கி. அளவில் டிஎஸ்சியில் ஓட்டி ஜூல் அளவைக் கணக்கிடுங்கள். புதுக் கிண்ணம் ஒன்றில் 1:1 கலவையை 120 டிகிரி வரை மட்டும் சூடாக்கி வெளியே எடுத்து, அந்த 3 மி.கி.-ஐக் கரைத்து எச்பிஎல்சியில் போடுங்கள். அதற்கு அதுவே தாராளம். அசுத்தம் ஏறவில்லையென்றால் கரைதல் என்று எழுதலாம், எந்த ஆதாரத்தில் என்றும் எழுதலாம். கூடவே 20 சதவீத நீர்க் குப்பியை இன்றே 50 டிகிரியில் வைத்துவிடுங்கள், மூன்று வாரம் தன்னால் ஓடும். வரைபடங்கள் வந்ததும் காட்டுங்கள், ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் எடை, மூடியின் வகை, சூடேற்றிய வேகம், வரைபடத்தில் வெப்பவெளியீடு மேல்நோக்கியா கீழ்நோக்கியா, ஓட்டி முடித்த பிறகு கிண்ணத்தின் எடை, உள்ளே என்ன நிறம் என்று பேனாவால் குறித்திருக்க வேண்டும்.